மாமா இல்லாத சௌக்

புனேயில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நின்றால்தான் திட்டு விழும். சந்தேகமிருந்தால் கர்வே ரோடில் நள் ஸ்டாப் சௌக்கை (நாற்சந்திக்கு இங்கே சௌக் என்று பெயர்) நோக்கி வரும்போது, மஞ்சள் விழுந்ததும் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். பின்னால் வரும் ஸ்கூட்டர் உங்கள் மட்கார்டை உரசாத குறையாக நின்று, "காய் ராவ்!" (என்னய்யா இது!) என்று ஒரு சத்தம் போடும். இந்த ஊருக்கு வேலைக்கு வந்து, கல்யாணமாகி, பையன் மராத்தியில் சண்டை போடுகிற வயதுக்கு வந்துவிட்டான். எனக்கு இந்த "காய் ராவ்" மட்டும் இன்னும் பழகவில்லை.

போக்குவரத்துக் காவலருக்கு இங்கே 'மாமா' என்று பெயர். சௌக்கை நெருங்குகிற புனேக்காரர் முதலில் பார்ப்பது விளக்கை அல்ல. மரத்தடியைப் பார்ப்பார், பஸ் ஸ்டாப்பின் பின்பக்கத்தைப் பார்ப்பார், மேம்பாலத் தூணின் மறைவைப் பார்ப்பார். மாமா இருந்தால் சிவப்பு சிவப்புதான். இல்லாவிட்டால் அது ஒரு யோசனை, அவ்வளவே. மாமாக்களும் சௌக்குக்கு முன்னால் நின்று தடுப்பதைவிட, சௌக் தாண்டிப் பத்தடியில் நின்று பிடிப்பதில்தான் தேர்ந்தவர்கள். இதில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வது கடினம்.

நான் ஸ்கூட்டரும் ஓட்டுகிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன், கோத்ரூடில் காய்கறி வாங்க நடந்தும் போகிறேன். மூன்று வேஷத்திலும் ஒரே சௌக்கில் நின்றிருப்பதால் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. சிவப்பைத் தாண்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்யவில்லை. ஒரே அபராதமும் ஒரே உபதேசமும் அவர்களுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தாண்டுகிறவர்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஊர்ந்து தாண்டுகிறவர் ஒரு ரகம். ஸ்டாப் லைனில் அவரால் நிற்க முடியாது. ஜீப்ரா கோட்டின்மேல் முன்சக்கரம், பிறகு பின்சக்கரம், கடைசியில் சௌக்கின் நடுவிலேயே போய் நிற்பார். விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விட்டபடியால் பச்சை விழுந்ததா இல்லையா என்று மற்றவர்களின் ஹார்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இடப்பக்கம் திரும்புகிறவர் இன்னொரு ரகம். 'ஃப்ரீ லெஃப்ட்' என்பது தன் பிறப்புரிமை என்று நினைக்கிறார். அப்படிப் பலகை வைக்காத இடத்தில் சிவப்பு இடப்பக்கம் திரும்புகிறவருக்கும் சிவப்புதான் என்று சொன்னால், என்னை மதராஸிலிருந்து நேற்று வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு ரகமும் எரிச்சல் கொடுக்கும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. கொல்லக்கூடியவர்கள் வேறு இரண்டு பேர். மஞ்சளைப் பார்த்ததும் முறுக்குகிறவர் ஒருவர். குறுக்குச் சாலையில் கவுன்டர் மூன்று காட்டும்போதே கிளம்பிவிடுகிறவர் மற்றவர். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சந்திக்கிற இடம் சௌக்கின் நடு.

இதில் கணக்கு ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். 1960-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த காசிஸ், ஹெர்மன், மரதுதின் என்ற மூவர் மஞ்சள் விளக்கைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். (இந்த ராபர்ட் ஹெர்மன் சாதாரண ஆள் இல்லை. பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சம் இன்னும் வெளியெங்கும் இருக்கும் என்று 1948-லேயே ஆல்ஃபருடன் சேர்ந்து கணித்தவர். அதை முடித்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு வந்தார். எது கடினமாக இருந்தது என்று யாராவது அவரைக் கேட்டிருக்கலாம்.) அவர்கள் காட்டியது இது: மஞ்சள் எரியும் நேரம் குறைவாக இருந்தால், சாலையில் ஒரு சிறு நீளத்தில் மாட்டிக்கொண்ட ஓட்டுநரால் நிற்கவும் முடியாது, மஞ்சளுக்குள் போய்ச் சேரவும் முடியாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மஞ்சள் மூன்று விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வண்டி 42 மீட்டர் போகும். நிற்க வேண்டுமானால்? விளக்கைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அதாவது 14 மீட்டர். பிறகு பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதுகில் வந்து மோதாத அளவுக்கு நிதானமாகப் பிடித்தால் இன்னொரு 32 மீட்டர். மொத்தம் 46. ஆக, கோட்டிலிருந்து 42-க்கும் 46-க்கும் இடையில் இருப்பவருக்கு எந்த வழியும் சரியான வழி இல்லை. அதே ஆள் 40-ல் வந்திருந்தால் மஞ்சளில் 33 மீட்டர் போவார், நிற்க 32 மீட்டர் போதும். சங்கடம் தீர்ந்தது. 'வேகத்தைக் குறையுங்கள்' என்று பலகை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை அதன் கீழே எழுதினால் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இந்த ஊரில் நாலு பேராவது படிப்பார்கள்.

மேலே சொன்னது கோட்டைத் தொடுவதற்கான கணக்கு. சௌக்கை முழுசாகக் கடக்க இன்னும் நேரம் வேண்டும். அதற்காகத்தான் நான்கு பக்கமும் சிவப்பாக இருக்கும் ஓரிரு விநாடியைப் பொறியாளர்கள் வைக்கிறார்கள். கடைசியாக நுழைந்தவர் வெளியே போக விடப்பட்ட இடைவெளி அது. நாம் என்ன செய்தோம்? சிவப்புக்கு மேலே கவுன்டர் வைத்து, எப்போது பச்சை விழும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தோம். மூன்று, இரண்டு என்று வரும்போதே ஆக்ஸிலேட்டர் உறுமத் தொடங்கிவிடுகிறது. அந்த ஓரிரு விநாடி இடைவெளியை குறுக்குச் சாலைக்காரர் தின்றுவிடுகிறார். சில சௌக்குகளில் கவுன்டர் மூன்று இலக்கத்தில் ஆரம்பிக்கும். அதுவரை இன்ஜினை அணைத்துவிட்டு, செல்போனைப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று விநாடியை மட்டும் பொறுக்க முடியாமல் கிளம்புகிறார்கள். எனக்கு அதிகாரம் இருந்தால் முதல் காரியமாக சிவப்பு கவுன்டரின் கடைசிப் பத்து விநாடியை மறைத்துவிடுவேன்.

புனேக்காரருக்கு அவசரம் இருக்கிறது, மறுக்கவில்லை. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகத்திலேயே மெதுவாக நகரும் நகரங்களில் புனே நான்காவது. பத்து கிலோமீட்டர் போக 33 நிமிடம் 22 விநாடி. கல்கத்தாவும் பெங்களூரும் முன்னால் இருப்பதால் கொஞ்சம் மானம் பிழைத்தது. இவ்வளவு மெதுவாக நகருகிற ஊரில் சிவப்பைத் தாண்டி மிச்சப்படுத்துகிற நேரத்தை அடுத்த சௌக் வாங்கிக்கொள்கிறது. நம்மைக் கிழித்துக்கொண்டு போனவர் அடுத்த விளக்கில் நமக்குப் பக்கத்திலேயே நின்று, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, வானத்தைப் பார்ப்பார். இந்தக் காட்சி இந்த ஊரில் இலவசம்.

இதே ஊர் ஒரு காலத்தில் சைக்கிள் ஊர். பழைய ஆட்களைக் கேட்டால் தொழிற்சாலை ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை முழுக்க சைக்கிளாக வழிந்ததைச் சொல்வார்கள். பு.ல. தேஷ்பாண்டே, புனேக்காரராக ஆவதற்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று எழுதிய நகைச்சுவைக் கட்டுரையில் சைக்கிளை விட்டுவைக்கவில்லை. கர்வே நகரில் விக்ரம் பெண்ட்ஸே சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரின் வாகனம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதென்றால் சாலையில் என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கலாம். ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை, 1972-ல் கைனடிக்கின் லூனா. நமக்கு 1980-ல் வந்த டிவிஎஸ் 50 எப்படியோ, அப்படி இவர்களுக்கு லூனா. சைக்கிள் ஓட்டிய கை அப்படியே மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் மாறியது. ஓட்டும் முறை மாறவில்லை என்பது என் கட்சி. இடைவெளி தெரிந்தால் நுழை, கால் ஊன்றாதே, நின்றால் மறுபடி மிதிக்க வேண்டும் என்கிற சைக்கிள் புத்தி 110 சிசி இன்ஜினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2018-ல் நகரத்தில் பதிவான வண்டிகள் 36 லட்சத்தைத் தாண்டியபோது, ஆட்களின் எண்ணிக்கை சுமார் 35 லட்சம் என்று செய்தி வந்தது. பால் குடிக்கிற குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வண்டி.

மிச்சமிருக்கிற சைக்கிள்காரர்கள் யார்? அடுக்குமாடிக் காவலாளிகள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், கட்டடத் தொழிலாளிகள், பேப்பர் போடும் பையன்கள் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாக சிங்ககட், கடக்வாஸ்லா பக்கம் போகிற ஐடி ஆட்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் சிவப்பைத் தாண்டுகிறார்கள். ஆனால் 'பாருங்க சார், சைக்கிள்காரன்கூட நிற்கமாட்டேங்கிறான்' என்று சொல்லும்போது எல்லாரும் கையைக் காட்டுவது முதல் பக்கத்தாரைத்தான்.

சட்டம் சைக்கிள்காரரை எப்படிப் பார்க்கிறது என்று தேடிப்பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமையை மோட்டார் வாகன ஓட்டுநர்மேல் வைக்கிறது. சைக்கிளில் மோட்டார் இல்லை. நம்பர் பிளேட்டும் இல்லாததால் கேமராவுக்கும் அது தெரியாது. 1951-ஆம் ஆண்டின் மாநிலக் காவல் சட்டத்தில்தான் அவருக்கு இடமிருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், நடக்கிறவர், மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர் எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்லி, இவர்கள் தெருவைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுக்கிறது. எங்கள் பக்கம் அப்பா தலைமுறையில் இதற்கு எளிய முறை இருந்தது. டபுள்ஸ் போனாலோ, ராத்திரி லைட் இல்லாமல் போனாலோ போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார். வழக்கு, ரசீது, ஒத்திவைப்பு எதுவும் கிடையாது.

டெக்கான் பக்கம் காலையில் அடிக்கடி ஒரு காகாவை, அதாவது பெரியவரை, பார்ப்பேன். ஓய்வுபெற்றவர், வெள்ளைத் தொப்பி, பழைய கறுப்பு சைக்கிள். சிவப்பு விழுந்தால் இறங்குவார், ஜீப்ரா கோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போவார், ஏறி மிதித்துப் போய்விடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காகா, இது சிக்னலைத் தாண்டுவது இல்லையா?"

"இறங்கித் தள்ளினால் நான் யார் அண்ணா? நடக்கிறவன். நடக்கிறவனுக்கு இப்போது பச்சை. பார்த்துக்கொள்ளுங்கள்."

"ஏறியே போகலாமே, வண்டி எதுவும் வரவில்லையே?"

"வண்டி வரவில்லை. அதோ அந்த ஆஜி வருகிறாரே."

தென்னிந்தியன் என்று தெரிந்துவிட்டால் எழுபது வயதுக்காரரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். அது போகட்டும். அவர் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆஜி, அதாவது பாட்டி, தெருவைக் காதால் கடக்கிறார். இன்ஜின் சத்தம் கேட்டால் நிற்கிறார், கேட்காவிட்டால் அடியெடுத்து வைக்கிறார். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. இப்போது மின்சார ஸ்கூட்டர்களுக்கும் கிடையாது.

சைக்கிள்காரர் தாண்டுவதற்குச் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு. நின்ற இடத்திலிருந்து மிதித்துக் கிளம்புவது உடம்புக்குத் தெரியும். பச்சை விழும்போது நாற்பது ஸ்கூட்டர்களுக்கும் இடப்பக்கம் திரும்பும் நகரப் பஸ்ஸுக்கும் நடுவில் இருப்பதைவிட, நாலு விநாடி முன்னால் போய்விடுவது பத்திரம் என்று அவருக்குத் தோன்றுகிறது. தோன்றுவதில் தப்பில்லை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982-லேயே, ஸ்டாப் பலகையில் சைக்கிள் முழுசாக நிற்கத் தேவையில்லை, வேகம் குறைத்து வழிவிட்டுப் போகலாம் என்று சட்டம் போட்டது. சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டுப் போகவும் அங்கே அனுமதி உண்டு. பாரிஸில் 2012-ல் சோதித்துப் பார்த்து, 2015-ல் பல சந்திப்புகளில் சிறு பலகை வைத்தார்கள்: நடப்பவருக்கும் மற்ற வண்டிகளுக்கும் வழிவிட்டு, சைக்கிள் மட்டும் சிவப்பில் போகலாம். லண்டனில் ஸ்டாப் லைனுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று தனிக் கட்டம் வரைந்திருக்கிறார்கள். இவையெல்லாம் சைக்கிள்காரருக்குக் காட்டிய கருணை இல்லை. பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள ஒன்றும் ஒன்றரை டன் எடையுள்ள ஒன்றும் ஒரே விதியை மீறினாலும் விளைவு ஒன்றல்ல என்று ஒத்துக்கொண்டதுதான்.

இங்கே அதை அப்படியே கொண்டுவரலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஐடஹோவில் குறுக்கே வருகிறவர் தன் பச்சையில் வருகிறார். இங்கே அவரும் சிவப்பில் வருவார். என் மீறலும் அவர் மீறலும் ஒரே விநாடியில் விழுந்தால் என் பக்கம் வெறும் பத்துப் பதினைந்து கிலோ. கணக்கைப் பார்த்துத்தான் சைக்கிளில் போகும்போதும் நான் நிற்கிறேன், புண்ணியத்துக்காக இல்லை. ஆனால் லண்டனில் வரைந்த கட்டத்தை நாளைக்கே இங்கே வரையலாம். கொஞ்சம் பெயிண்ட் போதும். அதன்மேல் ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும் என்பீர்கள். நிற்கும்தான். ஜீப்ரா கோட்டின்மேல் நிற்கவில்லையா, அதற்காகக் கோட்டையா அழித்துவிட்டோம்?

சைக்கிளுக்காக இந்த ஊர் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2006 டிசம்பரில் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர் வழியில் நாட்டிலேயே முதலாவது பஸ் விரைவுத் தடத்தைத் தொடங்கியபோது ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள். 2017-ல் நகரம் முழுவதற்கும் ஒரு சைக்கிள் திட்டம் தயாரானது. அதே வருஷக் கடைசியில் பல்கலைக்கழக வளாகத்தில் வாடகை சைக்கிள்கள் வந்தன; பிறகு மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஊரெல்லாம் நின்றன; பிறகு காணாமல் போயின. பழைய சைக்கிள் பாதைகளில் இப்போது வடாபாவ் வண்டியும் நிறுத்திய கார்களும் இருக்கின்றன. அந்தப் பாதையில் முழுசாக மிதித்துப் போனவரைக் கண்டால் சொல்லுங்கள், அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கலாம்.

மோட்டார் வண்டிக்காரருக்கு வருகிறேன். சட்டத்தில் பல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, சிவப்பைத் தாண்டியவரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியது. 2019-ல் திருத்திய சட்டம் 184-ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டுவது என்பதற்கான விளக்கத்திலேயே சிவப்பைத் தாண்டுவதைச் சேர்த்தது: 1000 முதல் 5000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. மகாராஷ்டிரம் கூடுதல் அபராதங்களை 2021 டிசம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் வருவது 177-ஆம் பிரிவின் சல்லான், அதாவது அபராதச் சீட்டு: முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. அதுவும் கேமரா எடுத்த படத்தோடு செல்போனில் வரும். வந்ததும் யாரும் பதறுவதில்லை. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வரும்போது குறைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவைக்கிறார்கள். நிலுவை கோடிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. 500 ரூபாய் என்பது பயம் இல்லை, தவணையில் கட்டுகிற சந்தா.

கண்டிப்பு காட்டினால் இந்த ஊர் எப்படி எதிர்க்கும் என்பதற்கு ஹெல்மெட் சாட்சி. 2019 ஜனவரி 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று காவல்துறை இறங்கியதும், புனேரி பக்டி என்கிற பாரம்பரியத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஊர்வலம் போனார்கள். தலையைக் காப்பாற்றச் சொன்னதற்கு இப்படி. அதே வருஷம் போக்குவரத்துக் காவல்துறை மறுபக்கமும் முயன்றது. 'ஆபார்', நன்றி என்று பெயர் வைத்து, சல்லான் பாக்கி இல்லாதவருக்குக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் சௌக்கில் உயிரோடு கடந்ததற்கு நன்றி கூப்பன் கொடுக்க வேண்டியவர் நடந்துபோகிறவர் அல்லவா? ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 125 சந்திப்புகளில் போக்குவரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்களும் வந்துவிட்டன. அவை வண்டிகளின் கூட்டத்தைப் பார்த்து நேரம் கொடுக்கின்றன.

கண்டிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2024 மே 19 விடியற்காலை புனேயின் கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியவர் பதினெட்டு வயது ஆகாதவர். விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பதும் முதலில் வந்த ஜாமீன் உத்தரவின் நிபந்தனைகளில் ஒன்று. ஊர் கொந்தளித்த பிறகு அந்த உத்தரவு மாறியது. அதற்கப்புறம் சில மாதம் ராத்திரி தடுப்பு வைத்துச் சோதித்தார்கள். இந்தப் பதிவே 300 சொல்லைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. நான் யாரையும் மோதவில்லை.

சிவப்பைத் தாண்டுவதால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு மத்திய அரசின் கணக்கு வசதியாக இருக்கும். 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் காரணங்களில் சிவப்பைத் தாண்டியது என்று குறித்தவை ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதிவேகம் என்று குறித்தவை எழுபது சதவீதத்துக்கு மேலே. இந்த ஒரு சதவீதத்தை நான் அப்படியே நம்பவில்லை. விபத்துப் படிவத்தை நிரப்புகிறவருக்கு 'அதிவேகம்' என்பது கைக்கு முதலில் வரும் கட்டம். மஞ்சளைப் பார்த்து முறுக்கியவர் சிவப்பையும் தாண்டினார், வேகமாகவும் போனார், எதை எழுதுவது? அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. அந்த வருஷம் நடந்துபோகும்போது இறந்தவர்கள் 32,825 பேர்.

என் ஆத்திரம் இங்கேதான் இருக்கிறது. நாம் சிக்னலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள வழக்காகப் பேசுகிறோம். உலகத்தின் முதல் போக்குவரத்து விளக்கு அதற்காக வரவில்லை. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே, குதிரை வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களைக் கடக்கவிடத்தான் ஜே.பி. நைட் என்ற ரயில்வே பொறியாளர் எரிவாயு விளக்கோடு ஒரு கம்பத்தை நட்டார். அடுத்த மாதமே அது வெடித்து, இயக்கிய காவலர் காயம்பட்டார் என்பது வேறு கதை. அப்போது மோட்டார் காரே கிடையாது. வண்டிக்குச் சிவப்பு என்றால் நடப்பவருக்குப் பச்சை. கர்வே ரோடில் சிவப்பைத் தாண்டுகிறவர் காலியான இடத்தைத் தாண்டவில்லை, ஆஜியின் பச்சையைப் பறித்துக்கொண்டு போகிறார்.

ஆஜிக்குப் பச்சை எவ்வளவு நேரம்? பொறியாளர்கள் பொதுவாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 விநாடி. முழங்கால் வலியுள்ள ஒருவர் 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 30 விநாடி வேண்டும். இருபது விநாடியில் மூன்று விநாடியை மஞ்சளில் முறுக்கியவர் எடுத்துக்கொண்டார், கடைசி மூன்றைக் கவுன்டர் பார்த்துக் கிளம்பியவர் எடுத்துக்கொண்டார். ஜீப்ரா கோட்டை ஊர்ந்து வந்தவர் மறித்து நிற்கிறார், இடப்பக்கம் திரும்புகிறவர் நடுவில் வெட்டுகிறார். மிச்சத்தில் ஆஜி கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடக்கிறார். 2016-ல் இந்த மாநகராட்சி நடப்பவருக்கென்றே ஒரு கொள்கை நிறைவேற்றியது. 2021 டிசம்பர் 11 அன்று லட்சுமி ரோடில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்போர் தினம் கொண்டாடினார்கள். கோலம், ஆட்டம் பாட்டம், நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மறுநாள் நடப்பவர் பழையபடி ஓரத்துக்குப் போனார்.

ஆகவே என் தீர்ப்பு. சிவப்பைத் தாண்டும் மோட்டார் வண்டிக்கு 184-ஆம் பிரிவையே போடுங்கள். கேமரா படத்தோடு லைசென்ஸையும் முடக்குங்கள். டெலிவரிப் பையன் மாட்டினால் அவனுக்கு நேரம் குறித்து அனுப்பிய கம்பெனியையும் கூப்பிட்டு விசாரியுங்கள். சைக்கிள்காரருக்கு முன்னால் ஒரு கட்டமும், மற்றவர்களுக்கு முன்பே நாலு விநாடிப் பச்சையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் தாண்டினால் பழைய முறைப்படி காற்றைப் பிடுங்குங்கள், நானே பிடித்துக்கொடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய சௌக்குகளில் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி நடப்பவருக்கு மட்டும் தனிப் பச்சை கொடுங்கள்.

படிக்கிற உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. சென்னையோ கோவையோ கொழும்போ, உங்கள் ஊர்ச் சந்திப்பில் நடப்பவருக்கான பச்சை எத்தனை விநாடி எரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: வீட்டில் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், அவரோடு கடந்து பார்த்து எண்ணுங்கள். தனியாகப் போய் எண்ணினால் எல்லா ஊர் சிக்னலும் போதுமானதாகத்தான் இருக்கும்.